2021 நவம்பர்ல பார் திறந்தாச்சு, ஹோட்டலுக்கும் டைம் லிமிட் இல்ல... ஆலங்குளத்துல அந்த ரூல்ஸ் எல்லாம் எப்படி வேலை செஞ்சிருக்கும்?

டாஸ்மாக் கடை திறந்திருக்கும். ஒட்டியே இருக்கிற பார் பூட்டியிருக்கும். 2021 ஜூன் மாசத்துல இருந்து தமிழ்நாடு முழுக்க நாம பார்த்த காட்சி இதுதான். நவம்பர் 1-ம் தேதியோடு அந்தப் பூட்டு கழன்றுவிட்டது. அதே நாளில்தான் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளும் திறந்தன, தியேட்டர்களுக்கு நூறு சதவீத இருக்கைக்கு அனுமதியும் கிடைத்தது. ஹோட்டல்களுக்கு இருந்த இரவு 11 மணி கட்டுப்பாடு அதற்கும் முன்பே, அக்டோபர் 23 அறிவிப்பிலேயே நீங்கிவிட்டது. அந்த வருஷம் நவம்பர் 4 தீபாவளி.

இந்தத் தேதிக் கணக்கு சென்னைக்காரருக்கு ஒரு மாதிரி, பட்டாசு ஊர்க்காரருக்கு வேறு மாதிரி. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை எடுத்துக்குவோம். (தென்காசி பக்கத்து ஆலங்குளம் இல்லை. இது 1970-ல் இருந்து அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற, வெம்பக்கோட்டை பக்கத்து ஆலங்குளம். பேர் குழப்பம் எப்பவும் உண்டு.) சுத்துவட்டாரத்துல பட்டாசு வேலைக்குப் போகிற குடும்பங்கள் ஏராளம். வருஷம் முழுக்க உழைத்ததற்கு போனஸ் கைக்கு வருவது தீபாவளிக்கு முந்தைய சில நாட்களில்தான். அதற்கப்புறம் ஆலைகளுக்கு லீவு. அதாவது கையில் காசு, கூடவே ஓய்வு, கூடவே திறந்த பார். மூன்றும் ஒரே வாரத்தில் வந்து நின்றன.

அதுவரை என்ன நடந்தது?

சுருக்கமாப் பார்த்துடலாம். 2020 மார்ச்சில் எல்லாம் மூடியது. ஹோட்டல்களில் பார்சல் மட்டும். டீக்கடைகளுக்கு மே 11-ல் பார்சலுக்கு அனுமதி. உட்கார்ந்து சாப்பிட ஜூன் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் பாதி இருக்கைகள், ஏசி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. டாஸ்மாக் கடைகள் மே 7-ல் திறந்து, அடுத்த நாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, மே 15-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க, மே 16-ல் டோக்கனோடு மறுபடியும் திறந்தன. பார்கள் மட்டும் டிசம்பர் 29 வரை பூட்டியே கிடந்தன. நாலு மாசம்கூட முழுசா ஓடவில்லை, இரண்டாம் அலை வந்து 2021 ஏப்ரல் 26-ல் திரும்பவும் பூட்டு. கடைகள் ஜூன் 14-ல் விருதுநகர் உட்பட 27 மாவட்டங்களில் திறந்தன. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட ஜூலை 5-ல் அனுமதி. பாருக்கு நவம்பர் 1-ல்தான்.

பரோட்டா கடையில் 50 சதவீதம்னா என்ன?

விதிமுறை எழுதுகிறவர் மனதில் இருப்பது ஒரு பெரிய ரெஸ்டாரண்ட். 2020 ஜூனில் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் ஏசியை 24-ல் இருந்து 30 டிகிரிக்குள் வைக்கணும், மெனு கார்டை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடணும் என்றெல்லாம் இருந்தது. நம்ம ஊர் பரோட்டா கடையில் மெனு கார்டே மாஸ்டர் வாய்தான். நாலு பெஞ்ச், ஒரு அடுப்பு, வாசலில் கல். இதில் பாதி என்றால் பெஞ்சுக்கு ரெண்டு பேர். அரைமணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிற கடை அது இல்லை. ஆள் வருவதும் போவதும்தான் வியாபாரம்.

பார்சல் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கொடுத்தார்கள். ஆனா விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைச் சாப்பிட்டவங்களுக்குத் தெரியும், அது இலையில் விழுந்த அஞ்சு நிமிஷம்தான் பரோட்டா. சால்னாவோடு பொட்டலமாகி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அந்த மொறுமொறுப்பு இருக்காது. இட்லி கடைக்கு ஊரடங்கு ஒரு அடி என்றால், எண்ணெய் பரோட்டா கடைக்கு அது ரெண்டு அடி.

இன்னொரு பக்கம், இந்தச் சின்னக் கடைகளுக்கு ஒரு சாதகம் இருந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அது காற்று. சீனாவின் குவாங்சோ நகரில் 2020 ஜனவரி 24 அன்று ஒரு ரெஸ்டாரண்டில் பக்கத்து பக்கத்து டேபிளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று வந்தது. ஜன்னல் இல்லாத மாடி, காற்றை அங்கேயே சுற்றவிட்ட ஏசி ஆகியவைதான் காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். அமெரிக்காவின் சிடிசி அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், தொற்று வந்தவர்கள் அதற்கு முந்தைய ரெண்டு வாரத்தில் வெளியே சாப்பிட்டிருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. மாஸ்க்கைக் கழற்றாமல் சாப்பிட முடியாது, பேசாமலும் சாப்பிட மாட்டோம். அப்படிப் பார்த்தால் மூன்று பக்கம் திறந்த ஓலைக் கொட்டகை கடை, கண்ணாடி போட்ட ஏசி ஹாலைவிட எவ்வளவோ மேல்.

அப்போ பார்?

இங்கேதான் சிக்கல். பெரும்பாலான டாஸ்மாக் பார்கள் ஜன்னல் குறைந்த ஷெட்டுகள். நெருக்கி உட்கார வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும், உள்ளே போன பிறகு மாஸ்க் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிருமி பரவ இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று ஒரு மருத்துவர் சொன்னால் மறுக்க முடியாது.

ஆனால் பாரை மூடி, கடையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? வாங்கினவர் எங்கே போய்க் குடிப்பார்? கண்மாய்க் கரை, முள்ளுக்காடு, பஸ் ஸ்டாப் பின்னாடி, ரோட்டோரப் பாலம். உடைந்த பாட்டில் வயலிலும் ஆடு மேய்கிற இடத்திலும் கிடக்கும். ராத்திரி அந்தப் பக்கம் நடந்து போக வேண்டிய பெண்கள் வேறு வழியில் சுற்றிப் போவார்கள். தொற்று அளவில் வெட்டவெளி நல்லதுதான், ஊர் அமைதி அளவில் இல்லை. இந்த ரெண்டில் எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்று எந்த அறிவிப்பும் விளக்கியதில்லை.

பணக் கணக்கையும் பாருங்க. டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 2019-20-ல் சுமார் 33,133 கோடி ரூபாய். கடைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்த, பார்கள் ஒன்பது மாசம் மூடிக்கிடந்த 2020-21-ல் சுமார் 33,811 கோடி. குறையவே இல்லை, கூடியிருக்கிறது. 2020 மே மாதம் குவார்ட்டருக்கு 10, 20 ரூபாய் விலை ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம். ஆக, பாரைப் பூட்டியதால் கஜானாவுக்கு வலிக்கவில்லை. வலித்தது டெண்டர் எடுத்து சைடிஷ் விற்கிறவர், காலி பாட்டில் எடுக்கிறவர், டேபிள் துடைக்கிற பையன் இவர்களுக்குத்தான். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும்தான். ஏறிய பத்து ரூபாயும் வீட்டுச் செலவுக்கான காசில் இருந்துதானே போனது?

தடுப்பூசி எங்கே வருது?

2021 செப்டம்பர் 12-ல் தொடங்கிய மெகா முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. அக்டோபர் 23 முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது, சரக்கு போடக்கூடாது என்று நினைத்து ஞாயிறன்று மக்கள் தயங்குகிறார்கள் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா.சுப்பிரமணியனே காரணம் சொன்னார். சிரிப்பாக இருந்தாலும் கள நிலவரம் அதுதான். நீலகிரி மாவட்டம் ஒரு படி மேலே போய், ரெண்டு டோஸ் சான்று காட்டினால்தான் பாட்டில் என்று செப்டம்பரில் அறிவித்தது. பாருக்குள் நுழைய மாநிலம் முழுக்க அப்படி ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. கடை வாசலில் கேட்பதைவிட அங்கே கேட்பதில்தான் அர்த்தம் அதிகம், ஏனென்றால் மாஸ்க் கழல்வது அங்கேதான்.

அப்போது இருந்தது சானிடைசர், வெப்பநிலை பரிசோதனை, கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வது என்ற வழக்கமான பட்டியல்தான். போனஸ் வாங்கின கையோடு வந்த கூட்டத்திடம் வாசலில் நின்ற ஒரு ஊழியர் இதையெல்லாம் எப்படிச் சொல்லிச் சமாளித்திருப்பார்? மழை வேறு தொடங்கியிருந்தது, வெளியே பெஞ்ச் போடவும் வழியில்லாமல் இருந்தது. அந்தத் தளர்வுகள் 2021 நவம்பர் 15 வரைக்கும்தான் என்று அறிவிக்கப்பட்டிருந்தன. அதற்குள் தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும், யாருக்காவது தொற்று வந்திருந்தால் தெரியவும் ஆரம்பித்திருக்கும்.