கைபேசிக் குடிவாரம்

காவிரிப் பாசன நாட்டில் இன்று இருவகைச் சாகுபடி நடைபெற்று வருகிறது. ஒன்று, நம் முன்னோர் காலந்தொட்டு நடந்துவரும் நெற்சாகுபடி. மற்றொன்று கைபேசிச் சாகுபடி. ஒருவர் நாற்றுப் பாவும் முறையைப் படம்பிடித்து யூடியூபில் இடுகிறார். ஒருவர் கோயில் திருவிழாவின் நாதஸ்வரக் கச்சேரியை ஊரறியச் செய்கிறார். வேறொருவர் கைபேசியிலே போர்விளையாட்டு ஆடி, அதை ஆயிரம் பேர் பார்க்க ஒளிபரப்புகிறார். உழைப்பு இவர்களுடையது, விளைவும் இவர்களுடையது. விளையும் நிலம் மட்டும் இவர்களுடையதாக இல்லை. அதன் உடைமையாளர் கடல் கடந்து வாழ்கிறார். இந்தப் புதிய குத்தகைதாரர்களுக்கு நம் நாட்டுச் சட்டம் என்ன பாதுகாப்பு அளிக்கிறது என்பதே இன்று நாம் ஆராயப்புகும் விஷயம்.

இதனை வேலையற்ற வாலிபர்களின் பொழுதுபோக்கு என்று இகழ்வோர் நம்மிடையே உண்டு. அன்னார் தஞ்சைக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தைச் சற்றே நோக்குவாராக. அவ்வூர் முதியவர் ஒருவரும் அவருடைய பேரர்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படமெடுத்து, ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற பெயரில் 2018-இல் வெளியிடத் தொடங்கினர். 2021-இல் அவர்களுடைய சந்தாதாரர் தொகை 1 கோடியைக் கடந்தது. தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதன்முதலாக எட்டியது அதுவே. அவ்வாண்டே கொரோனா நிவாரணத்திற்காக முதலமைச்சரின் நிதிக்கு 10 லட்சம் ரூபாய் அளித்தனர். கிராமத்தார் கையில் அகப்பட்ட இக்கருவி எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதிக்கவல்லது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

பொருள் ஈட்டுவது ஒருபுறமிருக்க, பொதுநன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 30-ஆம் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலைக் கெடுத்தபோதும், ஊரார் போலீசாரின் தடியடிக்கு ஆளானபோதும், அக்காட்சிகள் கைபேசி வழியே தமிழ்நாடெங்கும் சென்றன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, உள்ளூர் இளைஞர்கள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இட்ட செய்திகளே பல கிராமங்களுக்கு அரிசியும் தார்ப்பாயும் வந்துசேர வழிகாட்டின. 2025 அக்டோபரில் கொள்முதல் நிலைய வாயில்களிலே குவித்த நெல் மழையில் நனைந்து முளைவிட்ட காட்சியையும் தேசம் கண்டது. கடைமடை விவசாயியின் முறையீடு தலைநகரை எட்டுவதற்கு முற்காலத்தில் ஒரு மாதம் ஆகும். இப்போது ஒரு நாழிகை போதும். இத்தகைய வாயைக் காரணம் சொல்லாமல் அடைக்க எவருக்கேனும் அதிகாரம் இருக்குமானால், அது பொழுதுபோக்கைப் பற்றிய விஷயமாகாது. பிரஜா உரிமையைப் பற்றிய விஷயமாகும்.

நிற்க. இக்குத்தகையின் ஷரத்துக்கள் யாவை? கூகிள் நிறுவனத்துக்குச் சொந்தமான யூடியூபில் ஒருவர் முழு விளம்பரப் பங்கு பெற வேண்டுமானால், 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். அதனோடு முந்திய 12 மாதங்களில் 4,000 மணி நேரம் அவருடைய படங்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது குறும்படங்கள் 90 நாட்களில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன்பின் நீண்ட படங்களில் வரும் விளம்பர வருமானத்தில் 100-க்கு 55 படைத்தவருக்கு, 45 நிறுவனத்துக்கு. ‘ஷார்ட்ஸ்’ எனப்படும் குறும்படங்களில் ஒதுக்கப்படும் தொகையில் படைத்தவர் பங்கு 45. நம் ஜில்லாப் பாஷையில் சொன்னால், முன்னது குடிவாரம் 55, மேல்வாரம் 45. பங்கு அற்பமானது என்று நாம் குறைகூற வரவில்லை. நிலத்தைத் திருத்தியவரும் வாய்க்கால் வெட்டியவரும் அந்நிறுவனத்தாரே என்பதையும் மறுக்கவில்லை. நமது ஆட்சேபம் வேறு. களத்தில் அளக்கும் மரக்கால் அவர்கள் கையில். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில். வாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் அவர்கள் கையில். குத்தகைதாரரை வெளியேற்றும் அதிகாரமும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

வெளியேற்றம் எவ்வாறு நிகழக்கூடும் என்பதற்குத் திருவையாற்றையே எடுத்துக்கொள்வோம். தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தது 1847-இல். நமது பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் சென்றால் அவருடைய கிருதிகள் எல்லோருக்கும் பொது. ஆயினும், ஓர் இளம் வித்துவான் தானே பாடிப் பதிவேற்றிய கீர்த்தனையை, எவரோ விற்ற இசைத்தட்டின் நகல் என்று ஓர் இயந்திரம் தீர்மானித்துவிடக்கூடும். உரிமை கோரப்பட்டால் அப்பதிவின் வருமானம் கோரியவரிடம் போய்ச் சேரலாம். 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமைக் குற்றப்புள்ளிகள் விழுந்தால் சேனலே மூடப்படலாம். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆனால் உரிமைகோரலை மறுத்தால், அம்மறுப்பை முதலில் பரிசீலிப்பவர் உரிமை கோரியவரே. வாதியாகவும் நீதிபதியாகவும் ஒருவரே அமர்வதை எந்த நீதி நூலும் ஒப்பாது.

நிறுவனத்தார் மட்டுமல்லர், சர்க்காரும் வெளியேற்றுவது உண்டு. 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தடுக்குமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அதே மாதம் 24-ஆம் தேதி அத்தடை நீக்கப்பட்டது. பிறகு கல்வான் பள்ளத்தாக்கில் நமது வீரர் 20 பேர் உயிர்நீத்ததன்பின், 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய சர்க்கார் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. தேசத்தின் பாதுகாப்பைக் கருதி அந்நியச் செயலியை விலக்கச் சர்க்காருக்குப் பூரண அதிகாரம் உண்டு. அதனை நாம் சிறிதும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அச்செயலியில் தெருக்கூத்தும் கும்மியும் கேலிப்பேச்சும் விதைத்திருந்த நம் கிராமத்து ஆண்களும் பெண்களும் செய்த குற்றம் யாது? விளைந்ததை அறுத்துக்கொள்ளக்கூட அவர்களுக்குத் தவணை கொடுக்கப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி தடைசெய்யப்பட்ட பப்ஜி விளையாட்டு 2021-இல் வேறு பெயருடன் திரும்பி வந்தது. 2022-இல் மீண்டும் தடுக்கப்பட்டது. 2023-இல் மீண்டும் அனுமதி பெற்றது. வலிய நிறுவனம் வாசலைத் தட்டித் திறந்துகொண்டது. அவ்விளையாட்டை ஒளிபரப்பிப் பிழைத்தவனோ ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவனானான்.

இந்த நிலைமை தஞ்சை ஜில்லாவுக்குப் புதிதன்று. நம்முடைய பாட்டன்மார் காலத்தில் குத்தகைதாரரும் பண்ணையாளும் மிராசுதாரின் ஒரு சொல்லுக்கு நிலத்தையும் மனையையும் விட்டு வெளியேறினர். 1952-இல் ராஜாஜி மந்திரிசபை தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைக்கு 5 ஆண்டு உறுதி, விளைவில் குத்தகைதாரருக்குக் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு, வழக்குகளைத் தீர்க்க ஜில்லாவிலேயே சமரச அதிகாரிகள் என்பவை அதன் சாரம். 1955-இல் மாகாணம் முழுமைக்குமே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டங்கள் நிலத்தை மிராசுதாரிடமிருந்து பறிக்கவில்லை. காரணமின்றி வெளியேற்றாதே, பங்கை நிச்சயப்படுத்து, வழக்கை மூன்றாவது மனிதர் தீர்க்கட்டும் என்று மட்டுமே கூறின. அதே நியாயத்தையே இன்று நாம் கோருகிறோம்.

“இது தனியார் ஒப்பந்தம்; சம்மதமில்லாதவர் விலகிக்கொள்ளலாம்” என்று ஒரு சாரார் வாதிப்பர். 1952-இலும் இதே வாதம் எழுந்தது. வேறு நிலம் இல்லாதவனுக்கு விலகும் சுதந்திரம் பட்டினி கிடக்கும் சுதந்திரமேயாகும். “சுதேசிச் செயலிகள் தோன்றினால் எல்லாம் சரியாகும்” என்று மற்றொரு சாரார் கூறுவர். சுதேசி முயற்சியை நாமும் மனமார வரவேற்கிறோம். ஆனால் 2020-இல் ஆரவாரத்துடன் தோன்றிய ‘கூ’ 2024-இல் கடையைக் கட்டிவிட்டது. அன்றியும், அக்காலத்துத் தஞ்சை மிராசுதார்கள் எந்த அந்நிய தேசத்திலிருந்து வந்தார்கள்? உடைமையாளர் நம்மவர் என்பதனால் மட்டும் குத்தகைதாரருக்கு நீதி கிடைத்துவிடாது. “பாதுகாப்புக் கொடுத்தால் பொய்யரும் ஆபாசம் பரப்புவோரும் அதில் ஒளிந்துகொள்வர்” என்பது மூன்றாவது ஆட்சேபம். உயிருக்கோ மானத்திற்கோ உடனே ஆபத்து விளைவிக்கும் பதிவை முதலில் நீக்கிப் பின்னர் விசாரிக்கலாம். விசாரணையே வேண்டாம் என்பதற்கு அது நியாயமாகாது.

சட்டம் அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய சமூக ஊடக நிறுவனம் தானாக ஒரு பதிவை நீக்கினால் காரணத்தை அறிவிக்க வேண்டும் என்றும், எதிர்த்துரைக்கச் சந்தர்ப்பம் அளிக்க வேண்டும் என்றும் விதித்தன. 2022 அக்டோபர்த் திருத்தம், நிறுவனத்தின் நிபந்தனைகள் அரசியல் சாசனத்தின் 8-ஆம் அட்டவணை மொழிகளில், பயன்படுத்துவோர் விரும்பும் மொழியில், கிடைக்க வேண்டும் என்றது. மத்திய சர்க்கார் அமைக்கும் மேல்முறையீட்டுக் குழுக்களுக்கும் வழிசெய்தது. இவை நல்ல தொடக்கமே. ஆயினும் பங்கை நிறுத்துவது, குறைப்பது, கணக்குக் காட்டுவது பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. சர்க்கார் ஒரு செயலியையே மூடும்போது படைத்தவரின் விளைவு என்னாகும் என்பதும் இல்லை.

இவ்விஷயத்தில் சட்டமியற்றுவது இயலாத காரியமா? பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டசபை எவ்வளவு பாடுபட்டது என்பதை நேயர்கள் அறிவர். 2021-இன் சட்டத்தை உயர் நீதிமன்றம் தள்ளிற்று. 2022-இல் புதிய மசோதா நிறைவேறிற்று. ஆளுநர் திருப்பியனுப்பினார். சபை மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே பண ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. தீமையைத் தடுக்க இத்தனை முயற்சி செய்ய முடிந்ததென்றால், அதே திரையில் நேர்மையாக உழைப்பவனைக் காக்க ஒரு முயற்சி செய்யலாகாதா? ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றி 2020 ஜூலையில் அமுலாக்கிய விதியில், இத்தகைய நிறுவனங்கள் தம்மிடம் தொழில் நடத்துவோரை அடியோடு விலக்குமுன் 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தர வேண்டும் என்று ஏற்பட்டது. அந்நிறுவனங்கள் அதனால் முழுகிப்போய்விடவில்லை.

ஆகவே நாம் கோருபவை நான்கு. முதலாவது, அவசர ஆபத்து இல்லாதவிடத்து, சேனலை மூடுமுன் 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தமிழில் தரப்பட வேண்டும். இரண்டாவது, பங்கின் கணக்கு படைத்தவர் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பங்கை மாற்றுமுன் தவணை வேண்டும். மூன்றாவது, நிறுவனம் மூடினாலும் சர்க்கார் மூடினாலும், படைத்தவர் தம் படைப்புகளை எடுத்துச்செல்ல அவகாசம் வேண்டும். இது நூதனக் கோரிக்கையன்று. காலவரை நிச்சயமில்லாத குத்தகை, குத்தகைதாரரின் குற்றமின்றி முடிவடைந்தால், நிற்கும் பயிரை அறுத்துக்கொண்டு போக அவருக்கு உரிமை உண்டு என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு கூறியிருக்கிறது. நெல்லுக்கு ஒத்துக்கொண்ட தர்மத்தை ஒருவன் பாடிய பாட்டுக்கும் எடுத்த படத்துக்கும் ஒத்துக்கொள்வதில் தடை என்ன? நான்காவது, சிறு படைப்பாளர் டெல்லியையும் கடல் கடந்த அலுவலகத்தையும் நோக்கிக் காத்திராதபடி, 1952-இல் இருந்ததுபோல் ஜில்லாவிலேயே சமரச அதிகாரி ஒருவர் வேண்டும்.

சட்டம் வரும்வரை நம்மவர்கள் சும்மா இருத்தல் ஆகாது. ஒவ்வொரு படைப்பின் பிரதியையும் தம் வீட்டிலேயே சேமித்து வைக்க வேண்டும். விதைநெல்லை மிராசுதாரின் களஞ்சியத்தில் விட்டுவைக்கும் விவசாயி எங்கும் இல்லை. தாலுகாதோறும் படைப்பாளர் சங்கங்கள் ஏற்பட வேண்டும். தனித்து நின்ற குத்தகைதாரன் எக்காலத்தும் நீதி பெற்றதில்லை. 1952-இன் சட்டத்துக்கு முன்னே விவசாயச் சங்கங்களின் நெடும் போராட்டம் இருந்தது. தேசத் தொண்டர்கள் விதிகளைத் தாமும் படித்து, கிராமத்து இளைஞருக்கும் விளக்குவாராக. சட்டசபை அங்கத்தினரும் பாராளுமன்ற அங்கத்தினரும் இந்நான்கு கோரிக்கைகளுக்கும் ஆம், இல்லை என்று பகிரங்கமாக விடை சொல்லட்டும். உழுதவனுக்குக் குடிவாரத்தை உறுதிசெய்யச் சட்டத்துக்கு வழிகாட்டிய தஞ்சை ஜில்லா, இவ்விஷயத்திலும் பின்வாங்காது என்று நம்புகிறோம்.