அறுநூறு குதிரையும் ஒரு முட்டைக்கூடையும்

என் தங்கை மகன் பிரான்சில், ரூவான் நகரத்தில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான். வழக்கமாக "மாமா, சுகர் எவ்வளவு இருக்கு?" என்று ஆரம்பிப்பவன், அன்று எடுத்த எடுப்பிலேயே, "மாமா, அல்பீனை வித்துடலாம்னு இருக்கேன்" என்றான்.

அல்பீன் என்பது அவன் வைத்திருக்கும் கார். ரெனோ குடும்பத்து வண்டி; அல்பீன் ஏ110 என்று பெயர். நம் ஊர்ப் பையன்கள் "ஆல்பைன்" என்கிறார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த காதுக்கு அது கல் கடித்த மாதிரி இருக்கிறது. அல்பீன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஏன்டா, என்ன குறை அதுக்கு?"

"பவர் பத்தலை மாமா. 252 குதிரைதான். வீடியோல விமர்சனம் பண்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. 600 குதிரைக்கு மேல ஒரு வண்டி செகண்ட் ஹேண்ட்ல வருது. வேலைக்கும் போகலாம், ஆசைக்கும் ஓட்டலாம். ரெண்டும் ஒண்ணுலயே."

அவன் முதுகுக்குப் பின்னால் என் தங்கை நின்றுகொண்டு, "நீயே சொல்லு அண்ணா" என்பதுபோல் கையை ஆட்டினாள். வீட்டுக் கடன் பாதி நிற்கிறது. இதற்கு இன்னொரு கடன்.

அவனிடம் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் கோபம் அவன்மேல் அல்ல. அவன் மண்டையில் இதை ஏற்றிய விமர்சகர்கள்மேல்.

"உனக்கு என்னய்யா தெரியும்?" என்று கேட்கலாம். நியாயம்தான். என் வாழ்நாளில் நான் சொந்தமாக வைத்திருந்தது ஒரு பஜாஜ் ஸ்கூட்டர். ஆனால் முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். போன ஜூன் மாதம் ரூவானில் இருந்தபோது அந்த அல்பீனில் மூன்று வாரம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனவன். எழுபது தாண்டியவனின் முதுகுத்தண்டைவிட நல்ல அளவுகோல் எந்த மோட்டார் பத்திரிகையிடமும் இல்லை.

கணக்குப் பிரிவில் முதல் பாடம் இது. ஒதுக்கீடு என்று ஒரு பத்தி, செலவு என்று ஒரு பத்தி. ஒரு இலாகாவுக்குப் பத்து லட்சம் ஒதுக்கி, இரண்டு லட்சம் மட்டும் செலவானால் அந்த இலாகாவை யாரும் மெச்சமாட்டார்கள். மீதி மார்ச் 31க்குள் சரண்டர். அடுத்த வருடம், "உனக்கு எதற்கு இவ்வளவு?" என்று கேள்வி வரும். கார் விமர்சகர்கள் ஒதுக்கீட்டுப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கைதட்டுகிறார்கள். செலவுப் பத்தியை யாரும் புரட்டுவதில்லை.

நான் புரட்டிக் காட்டுகிறேன். பிரான்சில் விரைவுச் சாலையில் உச்ச வேகம் 130 கி.மீ., மழை பெய்தால் 110. நடுவில் தடுப்பில்லாத கிராமப்புறச் சாலைகளுக்கு 2018 ஜூலையில் 80 என்று குறைத்தார்கள். சில மாவட்டங்கள் மட்டும் மறுபடி 90க்குப் போயின. ஊருக்குள் 50. பாரீஸ் நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் 2021 ஆகஸ்டிலிருந்து 30. பாரீசைச் சுற்றி ஓடும் பெரிஃபெரிக் சாலையிலேயே 2024 அக்டோபரிலிருந்து 50தான். எல்லைக்கு மேல் 50 கி.மீ. கூடப் போனால் போலீஸ் அங்கேயே லைசென்சை வாங்கி வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு புள்ளியில் ஆறு போய்விடும்.

இப்போது வண்டியைப் பாருங்கள். உதாரணத்துக்கு போர்ஷே 911 டர்போ எஸ். 2020இல் வந்த மாதிரிக்கு 650 குதிரை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு 2.7 வினாடி, உச்ச வேகம் மணிக்கு 330. அபாரமான பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் 80 போர்டு வைத்த சாலையில் அந்த ஆனந்தம் எவ்வளவு நேரம்? மிதித்த மூன்று வினாடிக்குள் சட்ட எல்லை தாண்டிவிடும். அப்புறம் கால் கட்டைவிரலுக்குக் காவல் போடுவதுதான் வேலை. சமதரையில் 80இல் சீராகப் போக எந்தக் காருக்கும் இருபது குதிரைகூட வேண்டாம். மீதி அறுநூற்று முப்பதும் லாயத்தில் நின்று கொள்ளு தின்கின்றன. கடனும், காப்பீடும், டயர் செலவும் அந்தக் கொள்ளுக்குத்தான்.

"சக்தி இருந்தால் முந்தும்போது பாதுகாப்பு" என்று ஒரு வாதம் வரும். சரி. ஆனால் அல்பீன் 100ஐத் தொட 4.5 வினாடி. நான் ஓட்டிய ஸ்கூட்டர் அந்த வேகத்தைப் பார்த்ததே இல்லை. 4.5 வினாடி பத்தாது என்பவர் முந்தவே கூடாத இடத்தில் முந்துகிறார் என்று அர்த்தம்.

இதைவிட முக்கியமானது எடை. விமர்சனத்தில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் வருவது அதுதான். அல்பீன் சுமார் 1,100 கிலோ. அந்த 650 குதிரை வண்டி 1,640. வித்தியாசம் 540 கிலோ, கிட்டத்தட்ட எட்டு ஆள் எடை. நீங்கள் பால் வாங்கப் போனாலும் அந்த எட்டுப் பேரும் கூடவே வருகிறார்கள்.

கனமான வண்டி வளைவில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், டயரை அகலமாக்க வேண்டும். இறுக்கினால் சாலையில் இருக்கிற ஒவ்வொரு குழியும் இடுப்புக்கு வரும். அதைச் சமாளிக்க மின்னணு சஸ்பென்ஷன் வைக்கிறார்கள். அதனால் எடை கூடும். எடை கூடினால் பிரேக் பெரிதாக வேண்டும், மறுபடி எடை. இழுக்க இன்னும் குதிரை வேண்டும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற குடும்பஸ்தன் கதை. இலேசான வண்டிக்கு இந்தச் சுழலே கிடையாது. ஸ்பிரிங் மெத்தென்று இருந்தாலும் வளைவில் பிடிப்பு போகாது. அல்பீனின் உடல் பெரும்பாலும் அலுமினியம். இருக்கை ஒன்று 13.1 கிலோதான்.

நான் சொல்ல வந்தது இதுதான். த்ரில்லும் அன்றாட வசதியும் ஒன்றுக்கொன்று எதிரி என்றும், 600 குதிரையைப் போட்டு மசாஜ் செய்யும் இருக்கையும் வைத்தால்தான் இரண்டும் சமாதானமாகும் என்றும் சொல்கிறார்களே, அது பொய். இரண்டுக்கும் தாய் ஒருத்திதான். அவள் பெயர் எடைக் குறைவு.

இதை முதலில் புரிந்துகொண்டவர் தியெப் ஊர்க்காரர் ழான் ரெதெலே. ரெனோ வண்டி விற்ற குடும்பம். நாற்பதுகளின் கடைசியில் வந்த சின்ன ரெனோ 4 சி.வி. காரை எடுத்துக்கொண்டு பந்தயங்களில் ஓட்டினார். ஆல்ப்ஸ் மலை வளைவுகளில் கண்ட சந்தோஷத்தால், 1955இல் தொடங்கிய கம்பெனிக்கு அந்த மலையின் பெயரையே வைத்தார். பழைய ஏ110 வந்தது 1962இல், நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே வருடம். 1973இல் உலக ராலி சாம்பியன்ஷிப் முதல் தடவை நடந்தபோது பட்டம் வென்றது அல்பீன்தான். அந்த வருட மோன்த்தே கார்லோ ராலியில் முதல் மூன்று இடமும் அதற்கே. அப்போது நான் வேலையில் சேர்ந்த புதிது. வாசகசாலையில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில், பனியில் வழுக்கிக்கொண்டு போகும் அந்த நீல வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு நேரம் போனதே தெரியாமல் நின்றிருக்கிறேன். இலேசான ஃபைபர் உடம்பு, சின்ன இன்ஜின். ஜெயித்தது எடைக் குறைவு.

என் மருமான் வீட்டிலிருந்து தியெப் அறுபது கிலோமீட்டர்தான். ஒரு சனிக்கிழமை பெருஞ்சாலையை விட்டுவிட்டுக் கிளைச் சாலையில் அழைத்துப் போனான். இருபுறமும் ஆளி வயல்கள். வளைவுக்குப் பின் வளைவு. ஓரிடத்திலும் 80ஐத் தாண்டவில்லை. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவன் முகத்தில் சின்ன வயதில் ஊஞ்சலில் இருந்த சிரிப்பு. எனக்கும் வயிற்றில் ஊஞ்சல்தான். கடற்கரையில் கூழாங்கல்மேல் உட்கார்ந்து, "இதுக்கு மேல என்னடா வேணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம் மாமா" என்றான். அதே பையன்தான் இப்போது பவர் பத்தலை என்கிறான். நடுவில் மாறியது வண்டியா? அவன் பார்த்த வீடியோக்கள்தான்.

திரும்பும்போது சந்தையில் முட்டையும் வெண்ணெயும் வாங்கினோம். எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒரு சித்ரோவேன் 'தெ ஷெவோ' வைத்திருந்தார். 'இரண்டு குதிரை' என்று அர்த்தம். அது வரிக்கணக்குக் குதிரை. 1948இல் அறிமுகமான அந்த வண்டியைத் திட்டமிட்டபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, உழுத வயலில் முட்டைக்கூடையோடு போனாலும் முட்டை உடையக்கூடாது என்பது. விமர்சகர்களே, சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும். ஜெர்மனியில் 20.8 கிலோமீட்டர் நூர்பூர்க்ரிங் தடத்தை எத்தனை நிமிடத்தில் சுற்றியது என்று கேட்கிறீர்களே, அந்தத் தடத்தில் யார் ரொட்டி வாங்கப் போகிறார்?

எங்கள் முட்டை உடையவில்லை. ஆனால் வெண்ணெயை முன் டிக்கியில்தான் வைத்தோம். இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற வண்டியில் பின் டிக்கி சூடாகும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டே இருக்கை. முன்னும் பின்னும் இரண்டு டிக்கி, ஒவ்வொன்றும் சுமார் நூறு லிட்டர். நம் ஊர்க் கல்யாணப் பெட்டி நுழையாது. சாமான் போடும் பேழை டேஷ்போர்டில் கிடையாது. உயரம் ஒன்றேகால் மீட்டர். ஏறுவது சுலபம், இறங்கும்போது முதலில் ஒரு காலை வெளியே போட்டு, கூரையைப் பிடித்து, மருமான் கையைக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மாள் வேடிக்கை பார்த்து... போகட்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது ஒரே காராக இருக்க முடியாது. பின்னால் இரண்டு சின்ன இருக்கை வைத்த 911 அந்த விஷயத்தில் ஜெயித்துவிடும். 1964இலிருந்து அதில் ஆபீசுக்குப் போகிறவர்கள் முட்டாள்கள் இல்லை.

ஆனால் வாழ்நாள் முழுக்க வேகத்தை வடிவமைத்த கோர்டன் மர்ரே, மக்லாரன் எஃப்1 காரைப் படைத்தவர், தன் அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்கியது இந்த அல்பீனைத்தான். பிரெஞ்சு ஜாந்தார்ம் படையும் விரைவுச் சாலை ரோந்துக்கு இதே வண்டியில் 26 வாங்கியது. 252 குதிரை பத்தாது என்றால் முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஒரு கார் இரண்டுக்கும் ஆகுமா என்று என்னைக் கோப்பில் குறிப்பு எழுதச் சொன்னால் நான்கு கேள்விதான் கேட்பேன்.

1. 80 கி.மீ.க்குள் முகத்தில் சிரிப்பு வருகிறதா?

2. ஒரு மணி நேரம் கழித்து இறங்கும்போது இடுப்பு திட்டுகிறதா?

3. முட்டை உடையாமல் வீடு வருகிறதா?

4. மாதக் கடைசியில், தவணை கட்டிய பிறகும், பெட்ரோல் போட்டு ஓட்ட மனசும் காசும் இருக்கிறதா?

நான்காவதைத்தான் எந்த விமர்சகரும் கேட்பதில்லை. அவருக்கு வண்டியும் ஓசி, பெட்ரோலும் ஓசி.

என் மருமான் வேலை, மருத்துவமனைக் கருவிகளைச் சரிசெய்ய ஊர் ஊராக வண்டியில் போவது. லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் வீட்டுக் கடன். மூன்று வினாடி ஆனந்தத்துக்கு இவ்வளவும் பணயம். இதைச் சொன்னபோது மட்டும் போனில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

அப்புறம், "அல்பீனையும் நிறுத்தப் போறாங்க மாமா. அடுத்தது மின்சார வண்டி" என்றான்.

"அப்படின்னா வித்தா திரும்பக் கிடைக்காதேடா" என்றேன்.

"யோசிக்கிறேன் மாமா."

குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பை அனுப்பிவிட்டேன். உத்தரவு போடுகிற அதிகாரம் என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.