காலைக் காக்கும் வைத்தியம்

நீண்டகாலமாக நீரிழிவு கொண்ட பலருக்குக் காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. ஆபத்தின் மூலம் அதுவே. நரம்பின் உணர்ச்சி மங்கியபின் செருப்பில் துருத்திய ஆணியும், கோடையில் கோயில் பிராகாரத்துச் சுடுகல்லும் அவர்களை எச்சரிப்பதில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பை எட்டியபின் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர், காலை இழந்தே வீடு திரும்ப நேரிடுகிறது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கணக்கிட்டது. தனி மனிதரின் துரதிருஷ்டமென்று ஒதுக்கத்தக்க விஷயமன்று இது.

இதற்குரிய வித்தையை நாம் தூரதேசத்தில் தேடவேண்டுவதில்லை. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். அந்நோயில் சதை தானே அழுகி விழுகிறதென்று அக்காலத்தில் பரவலாக நம்பினர். வலி தெரியாமையால் ஒரே இடத்தில் ஓயாது விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என அவர் எடுத்துக் காட்டினார். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு பரவியது அவ்வறிவின் பயனே. 1966-ல் அவர் அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் சென்றார். அதே முறைகள் அங்கே நீரிழிவு நோயாளரின் கால்களைக் காக்கவும் உதவின. வேலூர் ஏழையின் பாதம் கற்பித்த பாடத்தை அந்நியர் ஊன்றிப் படித்தனர். நாமோ அதைத் தொழுநோய் விடுதியின் மதிலுக்குள்ளேயே பெரும்பாலும் விட்டுவிட்டோம்!

பிரிட்டனில் பாத வைத்தியம் சட்டப்படி பதிவுபெறும் தனித்தொழில். நீரிழிவு கொண்டோர் ஆண்டுக்கொருமுறை பாதப் பரிசோதனை செய்துகொள்ள அங்கே ஏற்பாடுண்டு. நம்மிடையே அத்துறையில் தேர்ந்தவர் மிகச் சிலரே. பணமில்லையென்ற சமாதானம் இங்கே செல்லாது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றைப் பாதத்தில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பதே முதற்சோதனை. கிராம நர்ஸ் சில நிமிஷங்களில் செய்துவிடலாம்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு மாத்திரையை வீட்டுவாசலுக்கே கொண்டுசேர்த்தது. நல்ல காரியம். மாத்திரை சென்ற வழியில் அந்த இழையும் செல்லட்டும். பாத வைத்தியம் ஜில்லா ஆஸ்பத்திரியோடு நின்றால் பயன் குறைவு. அங்கே வருவோரிற் பலர் புண்ணோடு வருகிறவர்கள். உணர்ச்சி குன்றியது தெரிந்த அன்றே, புண் தோன்றுமுன், தக்க செருப்பை அளிக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும்.