கேட்பதற்கு உரிமை உண்டு

"வந்த ஊரில் வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது" என்னும் எண்ணம் நம்மவருள் பலர்க்கு உண்டு. வாடகை வீடும், நிலையில்லாக் கூலியும், பழகாத மொழியும் ஒன்றுசேர்ந்தால் எவர்க்கும் நா எழாதுதான். ஆயினும், சர்க்கார் அலுவலகத்தில் சென்று, "என் மனு என்னவாயிற்று?" என்று கேட்கும் உரிமை உள்ளூரார்க்கு மட்டும் உரியதன்று, இந்நாட்டுக் குடிமக்கள் எல்லார்க்கும் உரியது. இம்மாதம் அவ்வுரிமையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

செய்தி உரிய காலத்தில் மக்களைச் சென்றடையாவிடின் என்ன நேரும் என்பதற்கு நம் பொம்மனஹள்ளியே சான்று. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு வருங்கால வைப்பு நிதி விதிகளைத் திருத்தியது. முதலாளி செலுத்தும் பங்கினைத் தொழிலாளி 58 வயதுக்கு முன் எடுத்தல் ஆகாது என்பது அத்திருத்தத்தின் சாரம். வேலை போன காலத்தில் அப்பணத்தையே நம்பியிருந்த தையல் தொழிலாளர்க்கு இது பேரிடியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஓசூர்ச் சாலையில் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தடியடி நடந்தது, பஸ்கள் எரிந்தன. 19ஆம் தேதியன்றே அரசு திருத்தத்தைக் கைவிட்டது.

அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன. மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது, அவற்றைப் பற்றிய விவரங்களை அரசு தானே முன்வந்து வெளியிட வேண்டும் என்றும், வட்டார மொழியைக் கருத்திற்கொண்டு அவற்றைப் பரப்ப வேண்டும் என்றும் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகின்றது. அரசிதழில் அச்சிட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது சட்டத்தின் நோக்கமன்று.

இச்சட்டமும் ஏழைகளின் கேள்வியிலிருந்தே பிறந்தது. ராஜஸ்தானத்துக் கிராமங்களில் அரசு வேலை செய்தவர்கள் கூலி குறைவதைக் கண்டு, "வருகைப் பதிவேட்டைக் காட்டுக" என்றனர். 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு பொது விசாரணைகள் கூட்டி, பதிவேடுகளை ஊரார் முன் உரக்கப் படித்துக் காட்டியது. வேலைக்கு வாராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடைபெற்றது. இத்தகைய சட்டத்தை முதன்முதலாக இயற்றிய மாநிலம் 1997இல் நம் தமிழ்நாடு. கர்நாடகம் 2000இல் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இனி, மனுச் செய்யும் முறையைக் காண்போம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர் என்று உத்தியோகஸ்தர் வினவுதல் ஆகாது. 30 நாளில் விடை தர வேண்டும். தராவிடின் அதே அலுவலகத்து மேலதிகாரியிடமும், பின்னர் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதிக்கும் உத்தியோகஸ்தர்க்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கர்நாடக விதிப்படி ஒரு மனு ஒரே பொருளைப் பற்றியதாய், பொதுவாக 150 சொற்களுக்கு மிகாததாய் இருத்தல் வேண்டும். "ஏன் எங்கள் தெருவுக்குச் சாக்கடை இல்லை?" என்று கேட்டால் பயனில்லை. "எங்கள் தெருச் சாக்கடை வேலைக்கான மதிப்பீடு, ஒப்பந்தம், செலவுக் கணக்கு ஆகியவற்றின் நகல் தருக" என்று கேட்க வேண்டும். பதிவேட்டில் உள்ளதையே சட்டம் தரும். பயன்படுத்திய சிமெண்டுக் கலவையின் மாதிரியையும் கேட்டுப் பெறலாம்.

எந்த அலுவலகத்திடம் கேட்பது என்னும் ஐயமும் எழலாம். பொம்மனஹள்ளி முன்பு தனி நகரசபையாய் இருந்தது. 2007இல் பெருநகர மாநகராட்சியில் இணைந்தது. 2025 செப்டம்பரில் அம்மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபின் பெங்களூரு தெற்கு மாநகராட்சியைச் சேர்ந்தது. இடம் மாறி மனுக் கொடுத்தாலும் கவலையில்லை. பெற்ற அலுவலகமே ஐந்து நாளுக்குள் உரிய இடத்திற்கு அனுப்ப வேண்டும்.

மொழி ஒன்றே நமக்குத் தடை. மனு கன்னடத்திலோ, ஆங்கிலத்திலோ, இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழுக்கு இங்கே இடமில்லை. ஆனால் எழுத இயலாதவர் வாயால் கூறினால், அதனை எழுத்தில் அமைக்க உத்தியோகஸ்தரே உதவ வேண்டும் என்றும் சட்டம் கட்டளையிடுகின்றது. இதனைக் கேட்டுப் பெறுவோர் மிகச் சிலரே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதரைப் பற்றிய விவரம் எதனையும் மறுக்க இடமளிக்கும் வகையில் தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதர் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. ஆயினும், பெயரின்றிக் கூலிப் பதிவேட்டைச் சரிபார்ப்பது எங்ஙனம்? பொதுநலன் மேலோங்குமாயின் வெளியிடலாம் என்னும் 8(2)ஆம் பிரிவு இன்னும் எஞ்சியுள்ளது. அதனைச் சுட்டிக் கேட்போர் இருந்தால்தான் அதற்கு உயிர் இருக்கும்.

கன்னடம் எழுதக் கற்ற நம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கத்தில் அமர்ந்து, அண்டை அயலார்க்கு மனு எழுதிக் கொடுப்பார்களாயின் அது பெருந்தொண்டாகும். நம் தமிழரோடு, எழுத்தறியாத கன்னடச் சகோதரர்க்கும் வடநாட்டுக் கூலிகளுக்கும் அவ்வுதவி கிட்ட வேண்டும். ஒரே சாக்கடையோரத்தில் வாழ்கின்ற நாம் அனைவரும் ஒன்றாகவே கேட்போமாக!