கோரை காய்ந்தது... கிழங்கு?

மருந்தடித்த பத்துப் பதினைந்து நாளில் கோரை மஞ்சளாகிக் காய்கிறது. அடுத்த மாதமே அதே இடத்தில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. ‘கடையில போலி மருந்து கொடுத்துட்டாங்களோ?’ என்று சந்தேகம் வருகிறதா? பல நேரம் மருந்து சரிதான். அடித்த நாள்தான் சரியில்லை.

உத்தமபாளையம் பக்கம் நெல் வயலில் இந்தக் கிழங்குக் கோரையின் ஆட்டம் குறைவு. முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில், சேற்றுழவும் தேங்கும் தண்ணீரும் அதை அடக்கிவிடும். (வயலில் வரும் மற்ற கோரைகள் தனிக்கதை.) திராட்சை, தென்னை, வாழைத் தோட்டங்களில்தான் அதன் ராஜ்ஜியம்.

குழந்தைகளின் குளியல் பொடியில் போடுகிறோமே கோரைக்கிழங்கு, அதேதான். மண்ணுக்குள் மணி கோத்தது போல வரிசையாக இருக்கும். வரிசையில் ஒன்று முளைத்தால் மற்றவை தூங்கும். மண்வெட்டியால் கொத்தி அறுத்துவிட்டால், தூங்கியவையும் தனித்தனியாக முளைக்கும். கொத்தக் கொத்தப் பெருகுவது இதனால்தான்.

கிளைபோசேட் இலையில் பட்டு, இலை சமைக்கும் சர்க்கரையோடு சேர்ந்து பயணிக்கும். இரண்டு மூன்று இலை விட்ட இளசில் உணவு கிழங்கிலிருந்து மேலே ஏறுகிறது. அப்போது அடித்தால் மருந்து கிழங்குக்கு இறங்காது. நன்றாக வளர்ந்து பூக்கத் தொடங்கும்போது உணவு கீழே போகும். மருந்தும் கூடவே போகும். வாடிய கோரையில் அடிப்பது வீண்.

‘ரெண்டு மூடி சேர்த்து ஊத்து’ என்பதும் பலன் தராது. இலை சீக்கிரம் கருகினால், மருந்து கீழே இறங்கும் வழியும் அடைபடும். கலங்கல் தண்ணீரில் கலந்தாலோ, மருந்தை மண்ணே பிடித்துக்கொள்ளும். உப்பான போர் தண்ணீரும் வீரியத்தைக் குறைக்கும். அடித்த பின் இரண்டு மூன்று வாரம் உழாமல், கொத்தாமல் விட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டில் கிளைபோசேட்டுக்கு லேபிளில் உள்ள அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. திராட்சையின் பச்சைத் தண்டிலோ தளிரிலோ சாரல் பட்டால் கொடியே பாதிக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம பன்னீர் திராட்சையில் இந்த விளையாட்டு வேண்டாமே!

கரும்புக்கு ஹாலோசல்ஃபியூரான் இருக்கிறது. ஏக்கருக்கு 36 கிராம்தான், அதுவும் கோரை இளசாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். கிளைபோசேட்டுக்கு நேர் எதிர்! திராட்சைத் தோட்டக்காரர்கள் எந்த மருந்தானாலும் வாங்குவதற்கு முன் வேளாண் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். எதை அடித்தாலும் தூங்கிய கிழங்குகள் பிறகு முளைக்கும். ஒரே தடவையில் ஒழியும் என்று யாராவது சொன்னால், ரசீது கேளுங்கள்.