தலைக்காயம்: நன்றாகப் பேசுகிறார் என்பதால் ஆபத்து நீங்கிவிடுமா?

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள முள்ளுக்குறிச்சி போன்ற பகுதிகளில் மலைப்பாதை விபத்துகளாலும், மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுவதாலும் தலையில் அடிபடக்கூடும். அடிபட்டவர் எழுந்து நடந்து, தெளிவாகப் பேசினால் 'ஒன்றுமில்லை' என்று வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. இது ஆபத்தானது.

2009 மார்ச் மாதம் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், முதலில் இயல்பாகவே பேசினார். வந்த ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. பின்னர் கடும் தலைவலி தொடங்கியது. இரு நாள்களில் உயிரிழந்தார். மண்டையோட்டிற்கும் மூளையுறைக்கும் இடையே ஏற்பட்ட இரத்தக்கசிவே காரணம். கசிவு பெருகி மூளையை அழுத்தும்போதுதான் அறிகுறிகள் வெளிப்படுகின்றன.

மருத்துவமனையிலும் கண்டறியத் தவறுவது ஏன்?

மது அருந்தியவரின் தலைக்காய மயக்கம், போதை எனக் கருதப்படலாம். எலும்பு முறிவின் வலி தலைக்காயத்தை மறைக்கலாம். முதியோருக்குச் சில வாரங்கள் கழித்தும் அறிகுறிகள் தோன்றலாம். முதல் சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்து, பின்னர் கசிவு ஏற்படுவதும் அரிதாக உண்டு. ஆகவேதான் 1974 முதல் வழக்கிலுள்ள கிளாஸ்கோ அளவுகோலால் (3 முதல் 15 வரை) நினைவுநிலை மீண்டும் மீண்டும் மதிப்பிடப்படுகிறது.

உடனிருப்போர் தெரிவிக்க வேண்டியவை

• எவ்வாறு, எப்போது அடிபட்டது?
• நினைவிழந்தாரா? எத்தனை முறை வாந்தி எடுத்தார்?
• இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்கிறாரா?
• மது அருந்தியிருந்தாரா?

வீடு மலைமேல் இருப்பின் அதையும் கூறுங்கள். நள்ளிரவில் நிலை மோசமானால் மலையிறங்கவே நேரம் கழிந்துவிடும். மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க இயலுமா எனக் கேளுங்கள்.

48 மணி நேரம் எதைக் குறிக்கிறது?

2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. அதன்பின் ஆபத்தில்லை என்பது அதன் பொருளன்று.

உடனடியாக 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• அதிகரிக்கும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி
• குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காத உறக்கம்
• வலிப்பு, கை கால் தளர்ச்சி, பார்வைக் கோளாறு
• காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்

முதல் 24 மணி நேரம் அடிபட்டவரைத் தனியே விடாதீர்கள். மது கூடாது, மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை தராதீர்கள். 'ஏற்கெனவே பார்த்து அனுப்பிவிட்டார்களே' எனத் தயங்க வேண்டாம். மாற்றம் தென்பட்டால், அதே நாளில் மறுமுறையும் மருத்துவமனைக்கு வரலாம், வர வேண்டும்.