ஆசானை அளக்கும் கோல்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் யாம், மருத்துவக் கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைக்கக்கூடும். தமக்குரிய துறையை விடுத்துப் பிறர் துறையில் தலையிடுதல் தகுமோ என்று வினவுவாரும் உளர். அவர்கட்கு எம் விடை இதுவே. மருத்துவக் கல்லூரி ஆசிரியர் நோயாளியின் கட்டிலருகே நின்று பாடஞ் சொல்பவர். அக்கட்டிலில் கிடப்போர் நம் பாட்டியரும் தந்தையரும் ஆவர். ஆதலின், அவ்வாசிரியரை எக்கோல் கொண்டு அளக்கின்றனர் என்பது நம் எல்லார்க்கும் உரிய வினாவேயாகும்.

இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதற்கண் கூறுவோம். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், இராசிபுரத்துக்கு அண்மையிலுள்ள சிற்றூரில் வாழும் எம் பாட்டியார் நோயுற்று, இச்சமவெளியிலுள்ள மருத்துவமனை ஒன்றிற் சேர்க்கப்பட்டார். அதன் பெயர் ஈண்டு வேண்டா. மூன்று நாளும் துணையிருந்தவர் யாமே. இரண்டாம் நாட்காலை உதவிப் பேராசிரியர் ஒருவர் மாணவர் எண்மரோடு வந்தார். “கிறுகிறுன்னு வருதுங்க சாமி” என்றார் பாட்டியார். உடனே மாணவர் ஒருவர் ‘தலைச்சுற்றல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றார். ஆசிரியர் அவரைத் தடுத்தார். “அந்தச் சொல்லுக்குள் எத்தனை பொருள் இருக்கிறது என்று கேட்டீர்களா?” என்றார். பின்னர்த் தாமே பாட்டியாரின் பக்கத்தில் அமர்ந்து, “அம்மா, படுத்திருக்கும்போது திரும்பினால் வீடு சுற்றுகிறதா? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா?” என்று வினவினார். “எந்திரிச்சாத்தான் இருட்டடிக்குதுங்க. புது மாத்திரை போட்டதிலிருந்து இப்படித்தான்” என்றார் பாட்டியார். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் குருதியழுத்தம் அளக்கப்பட்டது. மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டது. பாட்டியார் நடந்தே வீடு சேர்ந்தார்.

கால் மணி நேரத்தில் எண்மர் கற்ற பாடம் அது. சொல்லுக்குப் பொருள் காணும் எம் துறையின் பாடமும் அதுவேயன்றோ என்று யாம் வியந்து நின்றோம். அம்மாணவருள் ஒருவரிடம் ஆசிரியரைப் பற்றிக் கேட்டபோது அவர் கூறியது எம்மை வருத்திற்று. அவரோடு பணியிற் சேர்ந்தோர் இணைப் பேராசிரியராகிவிட்டனர். இவர்க்கோ ஆய்வுக் கட்டுரை ஒன்று குறைகிறது. மாலை தோறும் மாணவர்க்குக் கட்டிலருகே பாடஞ் சொல்வதால் எழுதப் பொழுதில்லை என்பதே காரணமாம்.

இனி அவ்வேணியின் படிகளைக் காண்போம். மருத்துவ இளநிலைப் படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. பட்டமேற்படிப்பு மூன்று ஆண்டு. மூத்த உறைவிட மருத்துவராக ஓராண்டு இருந்தபின் உதவிப் பேராசிரியர் ஆகலாம். அந்நிலையில் நான்கு ஆண்டும், ஏற்கப்பட்ட இதழ்களில் இரண்டு ஆய்வுக் கட்டுரையும், ஆய்வு முறை பற்றியும் கற்பிக்கும் முறை பற்றியும் குறுகிய பயிற்சிகளும் நிறைந்தால் இணைப் பேராசிரியர். அதன்பின் மூன்று ஆண்டும் மேலும் கட்டுரைகளும் வேண்டும் பேராசிரியர் பதவிக்கு. பதினெட்டு வயதிற் கல்லூரி புகுந்தவர் ஒரு நாளும் வீணாக்காவிடினும் பேராசிரியராக முப்பத்தைந்து வயதேனும் ஆகும். இவை முன்னர் இந்திய மருத்துவக் குழுவும், 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையமும் வகுத்த தகுதிகள். அரசுப் பணியில் இத்தகுதி மட்டும் போதாது. பணிமூப்புப் பட்டியலில் முறை வருதல் வேண்டும்; மேற்பதவியில் இடம் காலியாதல் வேண்டும்; வேற்றூர்க்குச் செல்லவும் நேரும். பதவி வேறு, ஊதியம் வேறு என்பதும் அறியத்தக்கது. காலமுறை ஊதிய உயர்வை விரைவுபடுத்துமாறு கேட்டு 2019 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர் வேலை நிறுத்தம் செய்தமை அன்பர் பலர்க்கு நினைவிருக்கும்.

நம் நாட்டுப்புறத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது? சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 இல் தோன்றியது. முப்பத்தாறு ஆண்டுகட்குப் பின், 2022 ஜனவரி 12 ஆம் நாள், தமிழ்நாட்டில் ஒரே நாளிற் திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றாக நாமக்கல் கல்லூரியும் எழுந்தது. அப்பதினொன்றிலும் சேர்ந்து 1450 மாணவர் இடங்கள். மாவட்டந்தோறும் கல்லூரி என்பது மகிழத்தக்கதே. ஆயினும் கட்டடம் ஈராண்டில் எழும். ஆசிரியர் ஈராண்டில் முளையார். இம்முட்டுப்பாட்டை உணர்ந்தே, 220 படுக்கைக்குக் குறையாத அரசு மருத்துவமனைகளிற் பத்தாண்டு பணியாற்றிய பட்டமேற்படிப்பு மருத்துவர், முன்னர்க் கல்லூரியிற் கற்பித்திராவிடினும் இணைப் பேராசிரியராகலாம் என்று ஆணையம் 2025 இல் வாயிலைத் திறந்தது. நோயாளியைப் பார்த்த பத்தாண்டும் ஒரு கல்வியே என்று விதி ஒப்புக்கொண்டது இதனால் விளங்கும். அவ்வாறாயின், மாணவர்க்குக் கற்பித்த பத்தாண்டு மட்டும் ஏன் தனியாக எண்ணப்படவில்லை? எம் வழக்கின் உயிர்நிலை இதுவே.

எதிர்வாதத்தையும் நேர்மையோடு எடுத்துரைப்போம். எண்ணால் அளவாவிடின் முகம் பார்த்துப் பரிமாறும் பந்தியாகிவிடும் என்பர். கட்டுரை இரண்டென்றால் யாவர்க்கும் இரண்டே. அமைச்சரின் உறவினர்க்கும் அநாதைக்கும் ஒரே கணக்கு. இவ்வாதத்தில் உண்மை உண்டு. கண்டிப்பான தகுதிவிதி கல்வியை உயர்த்தியதற்கு வேலூரே சான்று. அங்கு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918 இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி, பட்டம் வழங்கும் கல்லூரியாக மாறினாலன்றி நிலைக்கவியலாது என்ற நிலை 1930களின் பிற்பகுதியில் வந்தது. உயர்பட்டம் பெற்ற ஆசிரியரைத் தேடியும் பொருள் திரட்டியும் அம்மையார் முதிய வயதில் அரும்பாடு பட்டார். 1942 இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டக் கல்லூரியாயிற்று. ஆதலின் யாம் விதியைப் பகைப்போம் அல்லேம். ஆய்வையும் இகழ்வோம் அல்லேம். தன் நோயாளியைப் பற்றி வினா எழுப்பி விடை தேடாத மருத்துவர் நெடுநாள் நல்லாசிரியராய் இருத்தல் அரிது. எம் குறையெல்லாம், எண்ணுதற்கு எளிதானதே எண்ணப்படுகிறது, எண்ணத்தக்கது எண்ணப்படவில்லை என்பதே. எண்ணிக்கைக்காகவே எழுதப்படும் கட்டுரையும், காசு வாங்கிக்கொண்டு அதை வெளியிடும் இதழும் பெருகியமை இதன் விளைவு.

நம் முன்னோர் ஆசானை எங்ஙனம் அளந்தனர்? நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பயின்றோர் அறிவர். பவணந்தியார் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் பூவையும் உவமையாகக் காட்டினார். பொறுமையும், வறட்சியிலும் வளந்தரும் வண்மையும், ஒருபாற் கோடாமையும், காலமறிந்து மலரும் முகமும் அவற்றின் குறிப்பு. ஆசிரியராகத் தகாதவரைக் கூறுமிடத்து முடத்தெங்கையும் அவர் காட்டினார். ஒருவன் நீர் வார்க்க, வளைந்து நின்று பிறன் தோட்டத்திற் காய் உதிர்ப்பது அம்மரம். மாணவர் வார்த்த நீரால் வளர்ந்து, காயையெல்லாம் இதழ்களின் தோட்டத்திலேயே உதிர்க்குமாறு ஒரு நல்லாசிரியரை விதியே வளைக்குமாயின், அக்குற்றம் மரத்தினதோ, வளைத்தவரதோ?

பிறநாட்டாரும் இதனை எண்ணாமல் இல்லை. மருத்துவப் பேராசிரியருட் பெரும்புகழ் பெற்ற வில்லியம் ஆஸ்லர், நோயாளிக் கூடங்களில் மாணவர்க்குக் கற்பித்தவன் என்ற ஒரு குறிப்பன்றித் தம் கல்லறைக்கு வேறொன்றும் வேண்டா என்றார். இக்காலத்து ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஆய்வு, நோய்ப்பணித் திறம், கற்பித்தல் ஆகியவற்றுள் ஒருவர் எதிற் சிறந்தாரோ அதனையே தலைமையாகக் கொண்டு உயர்வு கேட்கும் வழியுண்டு. ஏணி ஒன்றன்று, பல. நம் நாட்டிலும், கலைக் கல்லூரி ஆசிரியர்க்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2010 இல் வகுத்த மதிப்பெண் முறையை 2018 இல் தளர்த்தி, கற்பித்தலுக்கு முதலிடம் தந்தது. கலைக் கல்லூரிக்கு இயன்றது மருத்துவக் கல்லூரிக்கு இயலாதோ?

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கட்டுரைக்கு ஈடாகக் கற்பித்தலும் ஒரு தகுதியாக எண்ணப்படுக. இரண்டாவது, அதனை அளப்பவர் அக்கல்லூரித் தலைவர் ஒருவரே ஆகாது, வேற்றூர்க் கல்லூரி ஆசிரியர் இருவரேனும் ஆண்டுதோறும் கட்டிலருகே வந்து பாடங் கேட்டு எழுதி வைப்பாராக. முன்னாள் மாணவர் கருத்தும் உடன் சேர்க. முகம் பார்த்துப் பரிமாறும் அச்சம் இதனாற் பெரிதும் நீங்கும். மூன்றாவது, ஆய்வு வேண்டுமெனின் ஆய்வுக்கு நேரமும் தருக. வாரத்தில் அரை நாளேனும் நோயாளி வரிசையினின்று விடுவித்தாலன்றி, உழைக்கும் ஆசிரியரிடம் கட்டுரை கேட்பது, உழவனின் ஏரைப் பிடுங்கிக்கொண்டு விளைச்சல் கேட்பதாகும்.

எம் வகுப்புத் தோழர் பலர் நாளை ஆசிரியராவர். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் மருத்துவரும் அலுவலரும் உளர். நம்மை ஆளாக்கிய ஆசிரியரை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். அவர் எழுதிய கட்டுரையின் பெயர் நம்முள் எத்தனை பேர்க்குத் தெரியும்? அவர் கேட்ட ஒரு வினா மட்டும் மறக்கவில்லை.

எம் பாட்டியார் இன்று நலமாயிருக்கிறார். “அந்த டாக்டரு தம்பி பெரிய டாக்டராயிட்டாரா?” என்று சென்ற வாரமும் கேட்டார். யாம் என்ன விடை கூறுவது? “அவர் பெரிய மருத்துவர்தாம், பாட்டி, பதவிதான் இன்னும் வந்து சேரவில்லை” என்றோம்.